தின்ற நிறம்

பழவேற்காட்டில் காலை நேரத்தில் கூடையிலிருந்து கொட்டும் இறாலைப் பார்த்தால் அதில் சிவப்பின் சுவடே இருக்காது. வெள்ளை இறால் மங்கிய கண்ணாடித் துண்டு போல இருக்கும். வரி இறால் கரும்பச்சையும் நீலமும் கலந்து பட்டை பட்டையாகத் தெரியும். சேற்று நண்டு ஏரிச் சேற்றின் நிறத்திலேயே இருக்கும். அந்த இறாலை மிளகாயும் மஞ்சளும் சேர்க்காமல் வெறும் உப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இரண்டே நிமிடத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். நண்டும் அப்படித்தான்.

சட்டியில் யாரும் சாயம் கலக்கவில்லை. அந்தச் சிவப்பு, இறால் ஏரியில் நீந்திக்கொண்டிருந்தபோதே அதன் ஓட்டுக்குள் இருந்தது. வெளியே தெரியாதபடி ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

சிவப்பின் பெயர் அஸ்டாசாந்தின். 1938-இல் ஜெர்மன் வேதியியலர் ரிச்சர்ட் கூன், சோரன்சன் என்பவருடன் சேர்ந்து கடல் சிங்கி இறாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். சிங்கி இறாலுக்கு அன்று வழங்கிய அஸ்டாகஸ் என்ற லத்தீன் பெயரே இந்த நிறமிக்கும் அடியாயிற்று. அஸ்டாசாந்தின் தனித்திருக்கும்போது 472 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நீலம் போனபின் நம் கண்ணுக்கு எஞ்சுவது ஆரஞ்சுச் சிவப்பு. சிங்கி இறாலின் ஓட்டில் கிரஸ்டாசயனின் என்ற புரதம் இந்த மூலக்கூறை இறுக்கிப் பிடித்து அதன் வடிவத்தைச் சற்றே வளைத்துவிடுகிறது. வளைந்த பிறகு அது உறிஞ்சுவது 632 நானோமீட்டரில் உள்ள செம்மஞ்சள் ஒளியை. அதனால் ஓடு நீலமாகத் தெரிகிறது. இந்தப் பிடி எப்படி அமைந்திருக்கிறது என்பதை எக்ஸ்கதிர்ப் படம் மூலம் 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் இறாலிலும் நண்டிலும் இதே குடும்பத்துப் புரதங்களே இருக்கின்றன. சூடு பட்டதும் புரதம் குலைகிறது, பிடி தளர்கிறது, சிவப்பு வெளியே வருகிறது.

புரதத்தை இறால் தானே செய்துகொள்ளும். சிவப்பை அதனால் செய்ய முடியாது. சாப்பிட்டால்தான் உண்டு. மீன் வளர்ப்பவர்களுக்குத் தலைவலியாகவும் வருமானமாகவும் இருக்கும் விஷயம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏரி இலவசமாகக் கொடுப்பது

அஸ்டாசாந்தின் கரோட்டினாய்டுகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, செண்டுமல்லியின் மஞ்சள், முட்டைக் கருவின் மஞ்சள் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்பு 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. இந்தச் சங்கிலியைக் கட்டத் தெரிந்தவை தாவரங்கள், பாசிகள், சில பூஞ்சைகள், சில பாக்டீரியாக்கள். விலங்குகளுக்கு அந்தத் தொழில் கைவராது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒரு விதிவிலக்கு. அதன் முன்னோர் என்றோ ஒரு பூஞ்சையிடமிருந்து அந்த மரபணுவைப் பெற்றுக்கொண்டதாக 2010-இல் தெரியவந்தது. மீனுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் நமக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

பழவேற்காடு ஏரியில் இதற்குக் குறை இல்லை. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் வெயில் அடிச்சேறு வரை இறங்கும். சேற்றின் மேல் பாசி படரும், தண்ணீரில் நுண்பாசி பெருகும். நுண்பாசியைக் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் தின்னும். அவற்றையும் அடிச்சேற்றில் மக்கியதையும் இறால் தின்னும். நடூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் பாடு முறைப்படி ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஓர் இடம் என்று சீட்டுப் போட்டுப் பங்கிட்டு வலை கட்டும்போது சிக்குவது இப்படிப் பாசியில் வளர்ந்த இறால். இருளர்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் தடவிப் பிடித்து, வாயில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுவதும் அதே இறால்தான். அந்த இறாலுக்கு நிறம் ஏற்ற யாரும் ஒரு காசு செலவழிக்கவில்லை.

இந்த உணவுச் சங்கிலியின் மறுமுனை பழவேற்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் வரிசையாக நிற்கும் பூநாரைகள். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திப் பாசியையும் சிற்றிறால் போன்ற உயிர்களையும் வடிகட்டித் தின்று, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அந்த இளஞ்சிவப்பு அதற்கு வந்துசேரும். உயிரியல் பூங்காக்களில் வைத்து வெறும் தானியமும் சாதாரண உணவும் கொடுத்தபோது அவை வெளிறிப்போயின. இப்போது அவற்றின் உணவில் கரோட்டினாய்டு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் பாசியை மேய்ந்தே வளரும் மடவை மீன் ஏன் சிவக்கவில்லை? ஏரியில் அதைவிடப் பாசி தின்னும் மீனைத் தேட வேண்டும். ஆனால் அது வெள்ளியாக மின்னுகிறது. காரணம், மீனின் தோலில் நிறத்துக்கென்று பல வகைச் செல்கள் உண்டு. கறுப்பு நிறமி உள்ளவை ஒரு வகை. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துவைப்பவை இன்னொரு வகை. குவானைன் என்ற பொருளைக் கண்ணாடிச் சில்லு போலப் படிகமாக அடுக்கி ஒளியைத் திருப்பி அடிப்பவை வேறொரு வகை. மடவையின் தோலில் ஆட்சி செய்வது கண்ணாடிச் சில்லுகள்தான். தின்றதில் எதை வைத்துக்கொள்வது, எங்கே வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு மீனின் உடலும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது.

குடலிலிருந்து தோல் வரை

கரோட்டினாய்டு தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் தீவனத்தில் எண்ணெய்ச் சத்து குறைந்தால் எவ்வளவு நிறமி போட்டாலும் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். குடல் உறிஞ்சியது கொழுப்புப் புரதத் துகள்களில் ஏறி இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் தோலுக்கும் போகிறது. தோலை அடைந்ததும் கொழுப்பு அமிலத்தோடு இணைந்து மஞ்சள், சிவப்புச் செல்களுக்குள் தங்கிவிடுகிறது.

வழியில் சில உயிர்கள் அதை உருமாற்றவும் செய்யும். இறால் வகைகள் தாவரத்திலுள்ள பீட்டா கரோட்டினைப் படிப்படியாக மாற்றி அஸ்டாசாந்தின் ஆக்கிக்கொள்ளும். தங்கமீனும் கோய் கெண்டையும் பாசியிலுள்ள ஜியாசாந்தினை அஸ்டாசாந்தினாக மாற்றும். சால்மனுக்கு அந்தத் திறமை இல்லை. சிவப்பைச் சிவப்பாகவே கொடுத்தால்தான் அதன் சதை சிவக்கும். ஆகவே பக்கத்துத் தொட்டியில் தங்கமீனைச் சிவக்க வைத்த தீவனம் நம் தொட்டியில் உள்ள வேறொரு மீனை மஞ்சளாக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் போகலாம். தீவனத்தில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மீனின் உடலுக்கு அந்த வேலை தெரியாமல் இருக்கலாம்.

குளத்தில் நீலமான இறால்

ஏரியிலிருந்து பண்ணைக்கு வருவோம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெகந்நாதன் வழக்கில் கொடுத்த தீர்ப்பு பழவேற்காட்டைப் பெயர் சொல்லிக் காத்தது. சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புக் குளம் கூடாது என்றது. வழக்குப் போட்டவர் காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். ஏரியை ஒட்டிய ஊர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல். ஆனாலும் கரையோர மாவட்டங்களில் குளத்து இறால் இன்று சாதாரணமாகிவிட்டது. 2009-இல் இந்தியாவுக்குள் வந்த வெனாமி இறால் வரி இறாலின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஏரி இறாலும் குளத்து இறாலும் இன்று ஒரே சந்தையில் போட்டியிடுகின்றன.

குளத்தில் இறாலை நெருக்கி வளர்க்கும்போது அடியில் படரும் பாசி எல்லாவற்றுக்கும் எட்டாது. வயிறு நிறைவது மூட்டைத் தீவனத்தில். அதில் மீன்தூள், சோயா, கோதுமை எல்லாம் உண்டு. நிறமியைத் தனியே சேர்க்காவிட்டால் அது மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சமும் சூட்டிலும் வெயிலிலும் கிடங்கில் கிடக்கும் நாட்களிலும் சிதைந்துபோகும். 1980-களின் இறுதியில் ஆசியப் பண்ணைகளில் வரி இறால் வெளிர் நீலமாக மாறத் தொடங்கியபோது அதை ஏதோ புது நோய் என்றே பலர் நினைத்தார்கள். நோய்க் கிருமி எதுவும் காரணமில்லை, ஓட்டில் அஸ்டாசாந்தின் போதவில்லை என்பது 1991-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. 1993-இல் தாய்லாந்து ஆய்வாளர் மெனஸ்வெட்டாவின் குழு, நீலமான இறாலுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 50 மில்லிகிராம் அஸ்டாசாந்தின் கலந்து நான்கு வாரம் கொடுத்தது. இயல்பான பச்சை கலந்த பழுப்பு திரும்பி வந்தது.

கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 50 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை. ஆனால் அந்தக் கைப்பிடியில்தான் விலை நிற்கிறது. வாங்குகிறவர் இறாலை வேகவைத்துப் பார்ப்பார். கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்ட் சரியாக இருந்தாலும், வெந்த இறால் வெளுத்திருந்தால் விலை இறங்கும்.

தீவனம் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் ஒரே தீவனத்தைத் தின்ற வரி இறாலில் ஒரு பகுதியை வெள்ளைத் தொட்டியிலும் மற்றொரு பகுதியைக் கறுப்புத் தொட்டியிலும் விட்டார்கள். கறுப்புத் தொட்டி இறால் வெந்தபின் ஆழ்ந்த சிவப்பாக இருந்தது, வெள்ளைத் தொட்டி இறால் வெளிறியது. சுற்றுப்புறத்துக்கு ஏற்ப இறால் தன் நிறமியைப் பரப்பவும் சுருக்கவும் செய்யும். இருக்கிற நிறமியைத்தான் அது பரப்ப முடியும். நிறமி வர வேண்டிய வழி வாய் ஒன்றுதான்.

வண்ண மீன் தொட்டி

பழவேற்காட்டிலிருந்து சென்னைப் பக்கம் வரும் வழியில் பொன்னேரி. அங்கே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இன்னும் தெற்கே வந்தால் கொளத்தூர், வண்ண மீன் வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டில் பேர்போன இடம். சிமென்ட் தொட்டியில் தங்கமீன், கப்பி, மோலி, வாள்வால் மீன் என்று வளர்த்துக் கொடுக்கிற குடும்பங்கள் வடசென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் நிறைய. இவர்களுக்கு மீனின் எடை முக்கியமில்லை. வாங்க வருகிறவர் பார்ப்பது நிறத்தைத்தான்.

பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்த தங்கமீன் பளிச்சென்று இருப்பதும், கண்ணாடித் தொட்டிக்குப் போய் மூன்று நான்கு வாரத்தில் மங்குவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணால் கண்டதே. பச்சைத் தண்ணீர் என்பது நுண்பாசி. மீன் மேய்ந்துகொண்டே இருந்தது. கண்ணாடித் தொட்டியில் மேய்ச்சல் நின்றது. தங்கமீன் குஞ்சுகள் முதலில் கறுத்த வெண்கல நிறத்தில் இருந்து பிறகு பொன்னிறமாவது வேறு கதை. அது கறுப்புச் செல்கள் மறைவதால் வருவது. அதற்குத் தீவனத்தைக் குறை சொல்லவும் கூடாது, புகழவும் கூடாது.

நிறம் ஏற்ற உள்ளூரிலேயே பொருள் உண்டு. காய்ந்த சென்னாகூனியில் அஸ்டாசாந்தின் இருக்கிறது. சுருள்பாசி என்கிற ஸ்பைருலினாவில் பீட்டா கரோட்டினும் ஜியாசாந்தினும் இருக்கின்றன. தரமணியிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் அதைக் கிராமத்துப் பெண்கள் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பரப்பியது. செண்டுமல்லி இதழில் லூட்டின் என்ற நிறமி நிறைய. கோழிப்பண்ணையில் முட்டைக் கருவை மஞ்சளாக்கப் பயன்படும் அதே பொருள் மீனுக்கும் மஞ்சள் தரும். உப்பளங்களில் உப்பு முற்றிய பாத்தி இளஞ்சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமானவற்றில் ஒன்று டுனாலியெல்லா என்ற நுண்பாசி. உலர் எடையில் பத்து சதவீதம் வரை பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கும் உயிர் அது.

இந்தத் தொழிலில் குறுக்கு வழிகளும் உண்டு. ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் இளம் மீனையும் பெண் மீனையும் சில நாளில் பளபளக்க வைக்கும். நிறுத்தினால் பளபளப்பும் போகும், இனப்பெருக்கமும் கெடும். நம் ஊர்க் குளங்களிலேயே இருக்கும் கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்பதும் உலகச் சந்தையில் நடந்தது. சில மாதத்தில் சாயம் கரைந்துபோகும், அதற்குள் பல மீன்கள் செத்தும் போகும். தின்று ஏறிய நிறம் மீனின் செல்லுக்குள் இருக்கிறது. குத்தி ஏற்றியது தோலுக்கடியில் தேங்கிய வெறும் சாயம்.

நிறம் ஏறினால் எடையும் ஏறுமா?

தீவன மூட்டை விற்பவர் இரண்டையும் சேர்த்தே சொல்வார். நிறமும் வரும், வளர்ச்சியும் வரும் என்பார். நிறத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி. அளவைக் கூட்டக் கூட்ட நிறம் ஏறி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் போடுவது தண்ணீரில் கொட்டிய பணம். வளர்ச்சி விஷயத்தில் கேள்வி கேட்க வேண்டும்.

மீன் வளர்வது புரதத்தாலும் அது எரிக்கும் சக்தியாலும். கரோட்டினாய்டு உடலைக் கட்டும் பொருள் இல்லை. ஆனால் கட்டுகிற வேலை கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொருள். உடலில் மூச்சு விடும்போதெல்லாம் உருவாகும் கட்டற்ற மூலக்கூறுகளை அது அடக்குகிறது. பல மீன்கள் அதை வைட்டமின் ஏ-வாகவும் மாற்றிக்கொள்கின்றன. கூனுக்குக் கிடைத்த 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கரோட்டினாய்டு, வைட்டமின் இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டது.

அதனால் இந்தப் பொருள் அறவே இல்லாவிட்டால் வளர்ச்சி அடிபடும். நார்வேயில் 1995-இல் வெளியான சோதனையில், அப்போதுதான் இரை எடுக்கத் தொடங்கிய சால்மன் குஞ்சுகளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவாக அஸ்டாசாந்தின் கிடைத்தபோது வளர்ச்சி மந்தமானது. 1 மில்லிகிராமுக்குக் கீழே போனபோது குஞ்சுகள் பெருமளவில் செத்தன. தேவையான அளவு கிடைத்த பிறகு மேலே கூட்டினால் எடை கூடுவதில்லை. வண்ண மீன்களில் நடந்த பல சோதனைகளிலும் நிறம் தெளிவாக ஏறியது. எடை சிலவற்றில் கூடியது, பலவற்றில் வேறுபாடே இல்லை.

கூடியதாகச் சொல்லும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பைருலினா சேர்த்தார்கள், மீன் நன்றாக வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பைருலினாவில் 60 சதவீதத்துக்கு மேல் புரதம். வளர்ச்சிக்குக் காரணம் நிறமியா, புரதமா? புரதத்தைச் சமமாக்கி, நிறமியை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். செண்டுமல்லித் தூளில் இதற்கு நேர்மாறு. அளவுக்கு மிஞ்சினால் நார்ச்சத்து கூடி செரிமானம் குறையும், நிறம் வந்தாலும் எடை போகும்.

இறாலில் தெளிவாகத் தெரிவது எடையைவிட உயிர்பிழைப்பு. தைவானில் 1992-இல் குருமா என்ற இறால் வகையில் செய்த ஆய்வில், உடலில் நிறமி கூடுதலாக இருந்தவை கூடுதலாகப் பிழைத்தன. உப்புத்தன்மை திடீரென மாறுவது, தண்ணீரில் அம்மோனியா கூடுவது போன்ற நெருக்கடிகளை நிறமி பெற்ற இறால் மேலாகத் தாங்குவதை வேறு ஆய்வுகளும் காட்டின. மழை கொட்டினால் ஒரே இரவில் உப்பு இறங்கிவிடும் நம் கரையோரக் குளங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு இறாலும் அதே எடையில் இருந்தாலும், அறுவடையில் கூடுதலாக உயிரோடிருந்தால் மொத்த எடை கூடும். பண்ணையாளர் அதையே வளர்ச்சி என்று சொல்வார். தவறில்லை. ஆனால் அது உயிர் தங்கிய லாபம் என்று தெரிந்தால், நிறமி மூட்டையை எப்போது திறப்பது என்பதும் தெரியும். குஞ்சுப் பருவத்துக்கும் தாய் இறாலுக்கும் அது தேவை. நடுவில் பாசி நன்றாக இருக்கும் குளத்தில் அவ்வளவு தேவையில்லை. நிறத்துக்காக என்றால் அறுவடைக்கு முந்திய நான்கைந்து வாரம் போதும்.

அளவு மீறாமலிருக்க எல்லையும் வைத்திருக்கிறார்கள். கேந்தாசாந்தின் என்ற உறவுக்கார நிறமியை மனிதர்கள் மாத்திரையாக அதிகம் உட்கொண்டபோது விழித்திரையில் படிகம் படிந்தது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் சால்மன் தீவனத்தில் அதன் உச்ச அளவைக் கிலோவுக்கு 80 மில்லிகிராமிலிருந்து 25-ஆகக் குறைத்தது.

கரையில் கிடக்கும் சிவப்பு

இறாலில் தலையும் ஓடும் சேர்ந்து எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை. நாம் சாப்பிடுவது மீதியை. அஸ்டாசாந்தின் மிகுதியாக இருப்பதோ நாம் கழிப்பதில். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் இந்திய இறால் வகைகளின் தலையிலும் ஓட்டிலும் உள்ள கரோட்டினாய்டை அளந்தார்கள். கழிவிலிருந்து அதைப் பிரிக்கச் சமையல் எண்ணெயே போதும் என்று 2005-இல் காட்டினார்கள். சூரியகாந்தி எண்ணெய் நன்றாக இழுத்தது. எண்ணெயில் கரைந்த நிறமியை அப்படியே மீன் தீவனத்தில் சேர்க்கலாம். கொழுப்போடு சேர்ந்தே போவதால் குடலும் எளிதாக ஏற்கும். இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. இறால் தலையை எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைப்பவர் எவரும் மேலே மிதக்கும் அந்தச் செந்நிற எண்ணெயைப் பார்த்திருப்பார்.

வெளியூரிலிருந்து டப்பாவில் வரும் நிறமிக்குக் காசு கொடுக்கும் வண்ண மீன் தொட்டிகளும், இறால் தலை குவியும் கரையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. நடுவே தேவை நாற்றம் எடுப்பதற்குள் உலர்த்தி அரைக்க ஓர் ஏற்பாடு. வெயிலில் நேரடியாகக் காயப்போட்டால் நிறமி சிதையும். நிழலில் உலர்த்த வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டிய ஒரே நுணுக்கம்.

அந்த ஏற்பாடு வரும்வரை இறால் உரிக்கும் பெண்கள் ஒதுக்கும் தலைக் குவியலுக்குக் காகங்கள்தான் உரிமையாளர்கள். நாள் தவறாமல் கொத்தித் தின்கின்றன. சற்றுத் தள்ளி, ஏரியில் நிற்கும் பூநாரை தின்பதும் ஏறக்குறைய அதே நிறமியைத்தான். அது சிவந்துவிட்டது. காகத்தின் இறகில் இருப்பது உடலே செய்துகொள்ளும் மெலனின். வெளியிலிருந்து வரும் சிவப்புக்கு அங்கே இடமே இல்லை. காக்கை குளித்தால் கொக்காகாது என்பார்கள். எத்தனை இறால் தலை தின்றாலும் பூநாரையும் ஆகாது.